சக்கரம் கட்டிய வீடு

"வருகிற கோடை விடுமுறையில் குடும்பத்துடன் நியூஜிலாந்து தேசம் போய்வர எண்ணியிருக்கிறோம். படுக்கையும் அடுப்பும் உள்ளேயே அமைந்த மோட்டார் வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொள்வது உத்தமமா, ஹோட்டல்களில் தங்கிப் போவது உத்தமமா? தாங்கள் போய்வந்தவராயிற்றே, இரண்டு வரி எழுதக்கூடாதா?" என்று ஒரு நேயர் கடிதம் எழுதியிருக்கிறார்.

இரண்டு வரியில் அடங்குகிற விஷயமானால் எழுதிவிடலாம். இந்தக் கேள்வியின் பேரில் எங்கள் வீட்டில் ஏறக்குறைய ஒரு வருஷமாக வழக்கு நடந்துவருகிறது. வாதி என் மனைவி; பிரதிவாதி நான்; முக்கிய சாட்சி என் தாயார். சாட்சி எந்தக் கட்சி என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. எனவே, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். தீர்ப்பை நேயர் தம் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

முதலில் வண்டி எத்தகையது என்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இதை ஆர்.வி. என்பார்கள், நியூஜிலாந்தில் காம்பர்வான் என்றும் மோட்டார் ஹோம் என்றும் பெயர். ஒரு சிறிய லாரியின் முதுகில் ஒண்டுக் குடித்தனத்து அறை ஒன்றைத் தூக்கி வைத்தது போலிருக்கும். வாயுவில் எரியும் அடுப்பு, கைக்குட்டை அகலத்தில் ஒரு தொட்டி, ஒரு குளிர்பெட்டி, பீரோவுக்குள் புகுந்து நிற்பது போன்ற ஸ்நான அறை, பகலில் சாப்பாட்டு மேஜையாகவும் இரவில் கட்டிலாகவும் மாறுகிற பலகை, டிரைவர் தலைக்கு மேலே ஏணி வைத்து ஏறும் பரண் - இவ்வளவும் உண்டு.

இந்த யோசனை புதிதல்ல. 1885-ஆம் வருஷத்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற பிரிட்டிஷ் கடற்படை வைத்தியர் ஒருவர், பிரிஸ்டல் நகரத்து வண்டிப் பட்டறையில் சொல்லி ஒரு மர வீட்டைச் சக்கரங்களின் மேல் கட்டச் செய்தார். அதற்கு 'வாண்டரர்' என்று பெயரிட்டு, இரண்டு குதிரைகளைப் பூட்டிக்கொண்டு, இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வெர்னெஸ் நகரம் வரையில் உல்லாசமாகப் போனார். போன கதையைப் புஸ்தகமாகவும் எழுதினார். அவருடைய சுதந்திரத்தைக் குறித்து நான் வெகு காலம் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அவருடன் வண்டியோட்ட ஓர் ஆளும், பணிவிடைக்கு ஓர் ஆளும் போனார்கள் என்பதையும், பின்னவன் டிரைசைக்கிளில் முன்னே சென்று எதிரே வருகிறவர்களுக்கு எச்சரிக்கை செய்துவந்தான் என்பதையும் அப்பொழுது நான் அவ்வளவாகக் கவனித்ததில்லை. என் மனைவி உடனே கவனித்தாள். "இரண்டு பேரை வேலைக்கு வைத்துக்கொண்டால் யார்தான் சுதந்திரமாக இருக்க மாட்டார்கள்?" என்றாள்.

எங்கள் பிரயாணத்துக்குக் காரணம் வெல்லிங்டன் நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் என் மைத்துனன். பள்ளிக்கூடம் மூடியதும் நாங்கள் நால்வர் - அம்மா, மனைவி, பதினொரு வயதுப் பெண், நான் - புறப்பட்டோம். நமக்குக் கோடை என்றால் அங்கே இலையுதிர்காலம். இலையுதிர்க்கும் மரங்களெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டு நிற்கும். டிசம்பர், ஜனவரியில் அவர்களுக்குக் கோடை. அப்பொழுது வாடகை ஆகாயத்தில் நிற்கும். பள்ளிக்கூட வாத்தியாருக்கு விதித்த மாதம் ஏப்ரலும் மேயும்தான் என்பது இந்த ஒரு விஷயத்தில் அநுகூலமாயிற்று.

வண்டி வேண்டும் என்று தீர்மானித்தவன் நான். அதற்கு நான் சொன்ன காரணம் அம்மா. அவளுக்கு வெளியில் சாப்பிடுவதில்லை என்ற நியமம். முப்பது வருஷத்து நியமம். "ஹோட்டலில் போய் அவளுக்கு நீ எப்படிச் சமைப்பாய்? வண்டியில் அடுப்பு இருக்கிறதே!" என்று மனைவியிடம் வாதித்தேன். வாதம் நியாயமாகத்தான் தோன்றியது. உண்மையில், சிறு வயதில் கூண்டு வண்டியில் வைக்கோல் மெத்தையிட்டுப் பங்குனித் திருநாளுக்குப் போன ஞாபகம் என்னை விட்டபாடில்லை. அம்மாவின் நியமத்தின் பின்னால் நான் என் ஆசையை ஒளித்து வைத்திருந்தேன் என்பது அன்று எனக்கே தெரியாது. அடுத்தவளுக்குத் தெரிந்திருந்தது போலும். அவள் பதில் சொல்லவில்லை.

ஒரு எச்சரிக்கை. அந்தத் தேசத்தார் விதை, இலை, பழம், பால் பண்டம் எதுவும் கேட்காமல் உள்ளே வருவதைச் சகிக்க மாட்டார்கள். கொண்டுபோகிற உணவுப் பொருள் அத்தனையையும் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதாமல் ஒரு ஆப்பிள் பழம் பையில் கிடந்தாலும் 400 டாலர் அபராதம். கறிவேப்பிலையை வீட்டிலேயே விட்டுவிட்டோம். அப்பளம், புளி, பொடி வகையறாக்களைச் சீட்டில் எழுதிக் காட்டினோம். அதிகாரி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துப் புன்னகையுடன் திருப்பித் தந்தார். வண்டி ஓட்டுவதில் நமக்குச் சிரமமில்லை. அவர்களும் இடது பக்கம்தான் போகிறார்கள். நம் லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருந்தால் அதுவே போதும்.

வெல்லிங்டனில் மைத்துனன் ஒரு கதை சொன்னான். வில்லியம் கொலென்ஸோ என்ற பாதிரியார் 1836 வாக்கில் அத்தீவின் வடபாகத்தில் மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேக வைத்துக்கொண்டிருந்த ஒரு வெண்கலப் பாத்திரத்தைக் கண்டாராம். அது பாத்திரமே அல்ல. கவிழ்த்துப் பார்த்தால் கப்பல் மணி. அதைச் சுற்றி எழுத்துக்கள். அவ்வெழுத்துக்கள் தமிழ்! முகைதீன் பக்ஷ் என்பவருடைய கப்பலின் மணி என்பது வாசகத்தின் பொருள். அந்தக் கப்பல் எப்படி, எப்பொழுது அங்கே போயிற்று என்பதை ஒருவரும் அறியார். மணி இப்பொழுது வெல்லிங்டனில் டே பாப்பா என்னும் தேசியக் காட்சிசாலையின் வசம் இருக்கிறது. நான் இதைக் கேட்டு மெய்சிலிர்த்து, நம்மவரின் கடலோடும் திறமையைப் பற்றி ஒரு சிறு பிரசங்கம் செய்தேன். அம்மா மட்டும், "கப்பல் என்னவானாலும், கடைசியில் கிழங்கு வேகவைக்கத்தானே உதவியிருக்கிறது" என்றாள்.

கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் வண்டியைப் பெற்றுக்கொண்டோம். ஐந்து இரவு வண்டியில். பிறகு குவீன்ஸ்டவுனில் அதை ஒப்புவித்துவிட்டுச் சின்னக் கார் எடுத்து, நாலு இரவு விடுதிகளில் - இது மனைவியுடன் செய்துகொண்ட ராஜி ஒப்பந்தம்.

வாடகைக் கம்பெனியில் ஒரு இளைஞர் அரை மணி நேரம் பாடம் நடத்தினார். நான் பரீட்சைக்குப் போகும் மாணாக்கனைப் போல் குறிப்பெடுத்துக்கொண்டேன். நல்ல தண்ணீர்த் தொட்டி ஒன்று. கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் தொட்டி ஒன்று. மலஜலத்துக்கு ஒரு பெட்டி, அதை வெளிப்புறக் கதவு வழியாக உருவி எடுத்து, இதற்கென்றே ஏற்பட்ட இடங்களில் கொட்டிக் கழுவ வேண்டும். கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தித் தூங்கலாம் என்று எண்ணியிருந்தேன். அப்படியில்லை. 2011-இல் ஒரு சட்டமும் 2023-இல் அதைக் கடுமையாக்கி மற்றொரு சட்டமும் செய்திருக்கிறார்கள். தன் கழிவைத் தானே சுமந்துபோகும் வண்டி என்று அத்தாட்சி பெற்று, உள்ளே நிலையான கழிப்பிடமும் உள்ள வண்டிக்குத்தான் வெளியிடங்களில் தங்க அநேகமாக அநுமதி. அதுவும் தடையில்லாத இடங்களில் மட்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் வீதம் மூன்று நாளைக்குத் தாங்க வேண்டும் என்பது அத்தாட்சிக்குக் குறைந்தபட்சக் கணக்கு. நாலு லிட்டர் நம் வீட்டில் ரஸப் பாத்திரம் கழுவவே காணாது.

இன்னொன்று. வண்டி ஓடும்போது ஒருவரும் எழுந்து நடக்கவோ, படுக்கவோ, அடுப்பு மூட்டவோ கூடாது; அவரவர் ஆசனத்தில் வாரைப் பூட்டிக்கொண்டு உட்கார வேண்டும். 'ஓடுகிற வீடு' என்று நான் பெண்ணிடம் வர்ணித்திருந்தேன். ஓடும்போது வீடில்லை, வீடாக இருக்கும்போது ஓடுவதில்லை என்று அவள் திருத்தினாள்.

முதல் நாள் டெக்கப்போ ஏரி. ஆகாயத்தின் நீலத்தில் பால் கலந்தது போன்ற ஒரு நிறம். பனிப்பாறை மலையை அரைத்து உண்டாக்கும் மாவு தண்ணீரில் மிதப்பதால் அந்த நிறம் வருகிறது. ஏரிக்கரையில் 1935-இல் கட்டிய சிறிய கல் கோவில் ஒன்று. அதில் வேதிகைக்குப் பின்னே சித்திரமோ விக்கிரகமோ இல்லை. ஒரு ஜன்னல், ஜன்னலில் ஏரி, அவ்வளவுதான். சூரியாஸ்தமன சமயத்தில் எதிர்க்கரை மலைகள் செந்நிறமாகி, ஊதாவாகி, சாம்பலாயின. பெண்ணும் நானும் முக்கால் மணி நேரம் கரையில் நின்றோம். வண்டிக்குத் திரும்பி, "அடடா, நீ பார்க்கவில்லையே!" என்றேன்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் பார்க்கத்தான் பார்த்தேன். இந்த ஜன்னல் வழியாக, இந்த ரஸத்தின் ஆவிக்கு நடுவில்" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அன்றிரவு நான் தூங்கியிருப்பேன்.

ராத்திரி எல்லோருமாக வெளியே வந்து வானத்தைப் பார்த்தோம். அந்தப் பிரதேசத்தை 2012-இல் இருட்டுக்கான சரணாலயமாக ஏற்படுத்தி, விளக்குகளின் ஒளி மேலே போகாமல் தடுத்துவைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அடிவானத்தோடு ஒட்டிக்கொண்டு தோன்றும் திரிசங்கு நட்சத்திரங்கள் அங்கே நடு உச்சிக்கு ஏறி நின்றன. "இத்தனை தூரம் வந்தால் திரிசங்குவுக்கும் சொர்க்கத்தில் இடம் கிடைத்துவிடுகிறது" என்றாள் அம்மா.

மறுநாள் அவோராக்கி என்று மாவோரிகளும் குக் மலை என்று ஆங்கிலேயரும் பெயரிட்ட சிகரத்தின் அடிவாரத்துக்குப் போனோம். உயரம் 3,724 மீட்டர். 1991-இல் அதன் உச்சியே சரிந்து விழுந்து உயரம் குறைந்துபோன மலை அது. எவரெஸ்டில் ஏறிய ஹில்லரி அதற்கு முன் பழகிக்கொண்டது இந்த மலைகளில்தான். இங்கே இயற்கைப் பாதுகாப்பு இலாகாவின் வண்டித் துறை ஒன்று இருக்கிறது. சற்றுத் தூரத்தில் ஹெர்மிட்டேஜ் என்ற பிரசித்தமான ஹோட்டல். 1884-இல் கட்டியதை 1913-இல் வெள்ளம் பாழாக்கிற்று. அடுத்துக் கட்டியதை 1957-இல் நெருப்பு விழுங்கிற்று. இப்பொழுது இருப்பது மூன்றாவது. ஆக, மலையெதிரே அறை வேண்டும் என்ற மனிதனின் பிடிவாதமும் லேசானதல்ல.

வண்டித் துறையில் மின்சார இணைப்பு இல்லை. ஆகவே மிக்ஸி ஓடாது, துவையல் இல்லை. வண்டியின் பாட்டரி விளக்குக்கும் தண்ணீர்ப் பம்புக்கும்தான். இருட்டிய பிறகு வடமேற்கிலிருந்து காற்றுக் கிளம்பிற்று. வண்டி, கைக்குழந்தையின் தொட்டிலைப் போல ஆடத் தொடங்கியது. தூரத்தில் ஹோட்டலின் ஜன்னல்கள் வரிசையாக மஞ்சள் விளக்குடன் அசையாமல் நின்றன. மனைவி தொட்டியில் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை இரண்டு விநாடி திறப்பதும் மூடுவதுமாக.

"அந்த ஹோட்டலில் இப்பொழுது யார் பாத்திரம் கழுவுவார்கள், அப்பா?" என்று கேட்டாள் பெண்.

"அதற்கென்று சம்பளத்துக்கு ஆள் இருப்பார்கள்."

"சம்பளமா?" என்றாள் அவள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பதினொரு வயதுக்கு அது போதும்.

நான் வேலையே செய்யவில்லை என்று நேயர்கள் நினைத்துவிடக் கூடாது. அந்தப் பெட்டியை உருவிக் கொட்டும் கைங்கரியம் என்னுடையது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு இரண்டு நாளைக்கு ஒரு முறை அதைச் செய்துவிட்டு, குடும்பத்துக்காக விஷம் உண்ட நீலகண்டனைப் போல் திரும்பி வருவேன். "சமையல் உனக்கு, இது எனக்கு, பங்கு சரிதானே?" என்று கேட்டேன். "தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். உங்கள் வேலை இரண்டு நாளைக்குப் பத்து நிமிஷம். என் வேலை ஒரு நாளைக்கு மூன்று வேளை. நாளையிலிருந்து பெட்டி எனக்கு" என்றாள். கணக்கில் என்னால் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. மறுநாள் காலை நான் உப்புமாக் கிளறினேன்; அது கட்டியும் முட்டியுமாக வந்தது. அம்மா ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டாள். நாற்பத்தைந்து வயதில் அவளுக்கு நான் சமைத்துப் போட்ட முதல் ஆகாரம் அது. மனைவி பெட்டியைக் கொட்டிவிட்டு வந்து, "இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டுக் கையைக் கழுவினாள்.

ஆனால் அன்று விடியற்காலையில் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. நூறு அடி நடப்பது கஷ்டம். மேஜைப் பலகையாலான கட்டில்தான் அவள் படுக்கை. நாலு மணிக்கே எழுந்துவிடும் வழக்கம். கம்பளியைப் போர்த்துக்கொண்டு, தலைமாட்டு ஜன்னல் திரையை விலக்கிவிட்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் கண் விழித்தபோது சிகரத்தின் நுனியில் மட்டும் வெயில் பட்டு, மற்றதெல்லாம் நீலமாக இருந்தது. வெயில் மெல்ல மெல்ல இறங்கி வந்தது. "எழுப்ப மனசில்லை. அரை மணியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றாள். காசிக்குப் போகவேண்டும் என்று சொல்லிச் சொல்லி, முழங்காலால் போகாமலே நின்றுவிட்டவள் அவள். மலை தன் படுக்கையருகில் வந்து நின்றதில் அவளுக்கு என்ன தோன்றிற்று என்று நான் கேட்கவில்லை.

லிண்டிஸ் கணவாய், வனாக்கா, குவீன்ஸ்டவுன் ஆகியவற்றை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். படங்களில் பார்த்தபடியே இருக்கின்றன. வண்டியை ஒப்புவித்துவிட்டுச் சின்னக் காரில் ஏறியபோது எனக்குக் கால் முறிந்தாற்போல் இருந்தது. மனைவி பின் ஆசனத்தில் இரண்டு மணி நேரம் தூங்கினாள்.

நாங்கள் தங்கியது பெரிய ஹோட்டல்களில் அல்ல, மோட்டல்களில். மோட்டாரையும் ஹோட்டலையும் சேர்த்துப் பிசைந்த இந்தச் சொல் 1925-இல் கலிபோர்னியாவில் ஒரு விடுதியின் பெயரிலிருந்து பரவியது. காரை அறை வாசலிலேயே நிறுத்திக்கொள்ளலாம். நியூஜிலாந்து மோட்டலில் ஒரு விசேஷம்: அநேகமாக எல்லா அறையிலும் சிறிய அடுப்பங்கரையும் பாத்திரம் தட்டுகளும் இருக்கும், சாவி கொடுக்கும்போது விடுதிக்காரர் ஒரு சின்னப் பால் குப்பியும் கையில் கொடுப்பார். இதை முன்னமே அறிந்திருந்தால் என் பிரதான வாதம் - அம்மாவின் நியமம் - வண்டியில்லாமலே நிறைவேறியிருக்கும். என் மனைவி இதைக் கண்டதும் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஆனால் ஒன்று கவனித்தேன். அங்கேயும் சமையல் உண்டு. ஆனால் ஒரு பாத்திரம் வைக்க இன்னொரு பாத்திரத்தை எடுக்க வேண்டியதில்லை. படுக்கையைப் பிரித்து மேஜையாக்க வேண்டியதில்லை. தண்ணீரை எண்ண வேண்டியதில்லை. மத்தியானமே சாதமும் குழம்பும் செய்து மூடிவைத்துவிட்டால் மாலை முழுவதும் சும்மா. ஓமரூ என்ற கடற்கரை ஊரில் சூரியன் மறைந்த பிறகு நீல நிறக் குட்டிப் பெங்குவின்கள் கடலிலிருந்து கூட்டமாகக் கரையேறி வளைக்குத் திரும்புகின்றன. முழங்கால் உயரம்கூட இல்லை. மனைவி அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாம் ஏறிப் போன பிறகும், இருட்டில், இன்னும் ஒன்று வரும் என்று நின்றுகொண்டிருந்தாள். நானும் பேசாமல் நின்றேன்.

நேயர் பணக் கணக்கும் கேட்பார். வண்டியில் போனால் அறை வாடகை மிச்சம் என்று நம்புவது பாதி உண்மை. வண்டி வாடகை, இன்ஷூரன்ஸ், சின்னக் காரைவிட அதிகமாகக் குடிக்கும் டீசல், டீசல் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கில் சாலை வரி, மின்சாரமும் வெந்நீரும் வேண்டுமானால் வண்டித் துறைக்கு ராத்திரிக் கட்டணம், ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் விட்டால் அதற்கொரு கட்டணம் - எல்லாம் கூட்டினால், கூட்டமில்லாத பருவத்தில் காரும் மோட்டலும் சேர்ந்த செலவுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. எங்கள் கணக்கில் வண்டி நாட்கள்தான் சற்று அதிகம். நாலைந்து பேர் ஒரே வண்டியில் அடங்கி, ஆடம்பரமில்லாத துறைகளில் தங்கி, வேளைக்கு வேளை உள்ளேயே சமைத்தால் மிச்சம் பிடிக்கலாம். அந்த மிச்சம் யாருடைய கையிலிருந்து வருகிறது என்பது வாதியின் முதல் கேள்வி. அதற்கு நான் இன்னும் பதில் தாக்கல் செய்யவில்லை.

கடிதம் எழுதிய நேயருக்கு ஒன்று சொல்வேன். கம்பெனியாருக்கு முன்பணம் அனுப்புவதற்கு முன், காலைக் காப்பி முதல் ராத்திரிப் பாத்திரம் வரை இன்னார் இன்ன வேலை என்று வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடித்தபின் வண்டிதான் என்றால் வண்டி; ஐந்து இரவுக்கு மேல் வேண்டாம். நடக்க முடியாத பெரியவர் உடன் வந்தால் ஜன்னலோரப் படுக்கையை அவருக்குக் கொடுங்கள். ஏறும் படி உயரம். ஒரு முக்காலி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசி ராத்திரி கிறைஸ்ட்சர்ச் மோட்டலில் அகலமான கட்டில், மெத்தை, வெந்நீர், சத்தமில்லாத அறை. அம்மா வெகு நேரம் புரண்டுகொண்டிருந்தாள். மெத்தை சரியில்லையோ என்று கேட்டேன்.

"மெத்தைக்கு என்ன? நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். சற்றுப் பொறுத்து, "அந்த வண்டியை இப்பொழுது யாருக்குக் கொடுத்திருப்பார்கள்டா?" என்று கேட்டாள்.